ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சாப்பாடு: டாக்டர்கள் ஏன் தேதியைத் தள்ளுகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எங்கே போனாலும், வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் குடும்பத்தைக் குழப்பும் விஷயங்கள் மூன்று. ஒன்று, நாள் குறித்த பிறகு டயட்டீஷியன் வந்து பார்த்துவிட்டு, "உடம்பில் சத்து இல்லை, இரண்டு வாரம் போகட்டும்" என்று தேதியைத் தள்ளுவது. இரண்டு, முன்பெல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது என்றவர்கள் இப்போது காலையில் ஆப்பிள் ஜூஸ் குடிக்கச் சொல்வது. மூன்று, வயிற்றில் தையல் போட்ட அன்றைக்கே நோயாளிக்குச் சாப்பாட்டுத் தட்டு வருவது.

இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். சாப்பாட்டை இப்போது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறார்கள். ஏன் இந்த மாற்றம், நோயாளியும் வீட்டாரும் என்ன செய்ய வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கத்தி பட்ட உடம்புக்குள் என்ன நடக்கிறது

1930-களில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்ற மருத்துவர், எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரைச் சோதித்தார். வழக்கத்தைவிட மிக அதிகமாக நைட்ரஜன் வெளியேறியது. நைட்ரஜன் இப்படி அதிகமாக வெளியேறுகிறது என்றால் உடம்பு தன் தசையைக் கரைக்கிறது என்று பொருள். முறிந்தது கால் எலும்புதான், ஆனால் கரைந்தது உடம்பு முழுவதிலும் உள்ள தசை.

ஆபரேஷனும் ஒரு காயம்தான், அதிலும் இதுவே நடக்கும். புண் ஆறப் புரதம் வேண்டும். கிருமியோடு போராடும் வெள்ளணுக்களுக்கும் புரதம் வேண்டும். அதை உடனே கொடுக்கக்கூடிய கையிருப்பு தசையில்தான் இருக்கிறது. அதனால் உடம்பு தசையை உடைத்து எடுத்துக்கொள்கிறது. அதோடு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதால், சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சில நாள் ரத்தச் சர்க்கரை ஏறும்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து பழகியவர்கள், "பட்டினி ஒன்றும் செய்யாது" என்று தைரியமாகச் சொல்வார்கள். ஆரோக்கியமான உடம்புக்கு அது ஓரளவு உண்மை. சாதாரணப் பட்டினியில் உடம்பு சில நாளில் கொழுப்பை எரிக்கப் பழகி, தசையைக் காப்பாற்றிக்கொள்ளும். காயம்பட்ட உடம்புக்கு அந்தப் பழக்கம் வராது. கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் தசை கரைந்துகொண்டே இருக்கும். அதில் கை கால் தசை மட்டுமல்ல, மூச்சு விடவும் இருமவும் உதவும் தசையும் சேரும். இருமிச் சளியைத் துப்ப முடியாதவருக்கு நிமோனியா வருவது இந்த வழியில்தான்.

படுக்கையும் தன் பங்குக்குச் சேதம் செய்கிறது. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் அமெரிக்காவில் வெளியானது. அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பற்ற எடை குறைந்திருந்தது. காயமும் சேர்ந்தால் நிலைமை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் மரணம் வரை போகுமா? போகும். 1936-இல் அமெரிக்காவின் க்ளீவ்லாண்டில் ஹைரம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர், குடல்புண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கணக்கை எடுத்தார். ஆபரேஷனுக்கு முன்பே உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவர்களில் இறந்தது 3.5 சதவீதம். வயதோ, வேறு நோயோ இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை, எடை இழப்புதான் விளக்கியது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாக இது தெரிந்த விஷயம். வார்டுகளில் எடை பார்க்கும் பழக்கம் இன்னும் ஒழுங்காக வரவில்லை என்பதுதான் வருத்தம்.

ஆப்பிரிக்காவுக்கு இது ஏன் இன்னும் முக்கியம்? கேப் டவுனின் புரூஸ் பிக்கார்ட் தலைமையில் 25 ஆப்பிரிக்க நாடுகளின் 247 மருத்துவமனைகளில், 11,000-க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்து 2018-இல் வெளியானது. இங்கே ஆபரேஷனுக்கு வருபவர்கள் வயதில் இளையவர்கள். அப்படியிருந்தும் ஆபரேஷனுக்குப் பின் இறப்பு உலகச் சராசரியைப் போல இரண்டு மடங்கு. ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது, அதில் முதலிடம் கிருமித்தொற்றுக்கு. அந்த ஆய்வு சாப்பாட்டைப் பற்றியது அல்ல. ஆனால் தொற்றை எதிர்க்கும் சக்தி எதிலிருந்து வருகிறது என்று யோசித்தால், தட்டில் இருப்பது சின்ன விஷயமாகத் தெரியாது.

யாருக்கு ஆபத்து

ஐரோப்பாவின் மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென், கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் ஆபத்து கடுமையானது என்கிறது. இரண்டாவதாக வரும் பி.எம்.ஐ. என்பது உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் எண். அதைக் கணக்கிட, எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் போதும்.

1. ஆறு மாதத்தில் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருப்பது. எழுபது கிலோ இருந்தவர் அறுபதுக்கு வந்திருந்தால் இந்தக் கணக்கில் விழுகிறார்.
2. பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருப்பது.
3. மருத்துவமனையின் ஊட்டச்சத்துச் சோதனைப் பட்டியலில் ஆபத்து மதிப்பெண் அதிகமாக வருவது.
4. கல்லீரலும் சிறுநீரகமும் நன்றாக இருந்தும் ரத்தத்தில் ஆல்புமின் லிட்டருக்கு 30 கிராமுக்குக் கீழே இருப்பது.

ஆல்புமினைப் பற்றி ஒரு வார்த்தை. அது குறைந்திருந்தால் "சாப்பாடு போதவில்லை" என்று நேரடியாகப் பொருள் கொள்ளக் கூடாது. உடம்பில் அழற்சியோ தொற்றோ இருந்தாலும் அது இறங்கும். முட்டையாகச் சாப்பிட்டு ஒரு வாரத்தில் அதை ஏற்றிவிடவும் முடியாது. ஆபத்தைக் காட்டும் எச்சரிக்கை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தப்புக் கணக்கு, "ஆள் குண்டாகத்தானே இருக்கிறார், சத்துக்கு என்ன குறை" என்பது. நம் குடும்பங்களில் இது மிகவும் சகஜம். தொப்பையும் சர்க்கரையும் இருக்கும், ஆனால் தொடையிலும் தோளிலும் தசை இருக்காது. காலையில் டீயும் ரொட்டியும், மதியம் சோறு, ராத்திரி மறுபடி ரொட்டியும் உருளைக்கிழங்கும் என்றால் வயிறு நிறையும், தசைக்கு எதுவும் சேராது. இப்படிப்பட்டவர் நூறு கிலோவிலிருந்து எண்பத்தைந்துக்கு வந்தால் "நல்லா இளைச்சிட்டே" என்று பாராட்டுவார்கள். வேண்டுமென்று குறைக்காமல் எடை குறைந்தால், பருமனாக இருந்தவருக்கும் அது ஆபத்தான அறிகுறிதான்.

தேதியைத் தள்ளுவது எதற்காக

மேலே சொன்ன கடுமையான ஆபத்தில் இருப்பவருக்கு 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்பது எஸ்பெனின் பரிந்துரை. புற்றுநோய் ஆபரேஷனாக இருந்தாலும் இந்தத் தாமதம் தகும் என்கிறது. கட்டி பெருத்துவிடுமே என்று பயப்படுவது நியாயம். ஆனால் வெட்டி ஒட்டிய குடல் பிரிந்து மறுபடி திறக்க நேர்வதும், சீழ் பிடித்து மாதக்கணக்கில் படுப்பதும், அதனால் கீமோதெரபி தள்ளிப்போவதும் அதைவிடப் பெரிய தாமதம். இரண்டு வாரத்தில் தசை வளர்ந்துவிடாது. ஆனால் கரைவது நிற்கும், வெள்ளணுக்கள் சுறுசுறுப்பாகும், இழந்த உப்புகளும் வைட்டமின்களும் திரும்பும். உயிர் போகும் அவசர ஆபரேஷனுக்கு இந்தப் பேச்சே இல்லை, அதை உடனே செய்தாக வேண்டும்.

இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அரசு மருத்துவமனையில் குடலிறக்கத்துக்கோ பித்தப்பைக்கோ மூட்டு மாற்றுக்கோ பெயர் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தை வீட்டில் பயந்தும் சலித்தும் கழிக்கிறோம். அதுதான் உடம்பைத் தயார் செய்யும் காலம். யாரும் சொல்லும்வரை காத்திருக்காமல், பெயர் கொடுத்த அன்றே தொடங்கலாம்.

எவ்வளவு வேண்டும்? நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரி, 1.5 கிராம் புரதம். அறுபது கிலோ உள்ளவருக்கு 1,500 முதல் 1,800 கலோரியும் 90 கிராம் புரதமும். பருமனானவருக்கு இப்போதைய எடையை வைத்துக் கணக்கிடாமல், உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிட வேண்டும்.

தொண்ணூறு கிராம் என்றால் மலைப்பாக இருக்கும். இந்த ஊர்க் கடையில் கிடைப்பதை வைத்தே சேர்க்கலாம். இரண்டு முட்டையில் 12 கிராம். இரண்டு கிளாஸ் பாலிலோ மாஸ் என்னும் புளித்த பாலிலோ 16. ஒரு கப் சுகர் பீன்ஸ் கறியில் 15 அளவுக்கு. டின் பில்சர்ட் மீனில் சதை மட்டும் நூறு கிராம் எடுத்தால் ஏறக்குறைய 20. இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டரில் 7. மீதி 20 கிராமைக் கெட்டிப் பருப்பும் ரொட்டியும் சோறும் கொடுத்துவிடும். விலை உயர்ந்த டின் பவுடர் இல்லாமலே முடிகிற காரியம் இது. வாயில் போதுமான அளவு இறங்காதவருக்கு என்ஷூர் போன்ற பானங்கள் உதவும். ஆனால் அதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காமல், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொடுக்க வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் இந்தக் கணக்கைத் தாங்களாகப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்குப் புரதம், பொட்டாசியம், தண்ணீர் மூன்றும் தனி அளவு. டயட்டீஷியனைக் கேட்டே ஆக வேண்டும்.

அப்புறம் புரட்டாசி. நம்மவர்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் கவிச்சி கிடையாது, ஆபரேஷன் தேதி அதற்குள் வந்தால் என்ன செய்வது என்று பெரியவர்கள் தவிப்பார்கள். விரதத்தை விட வேண்டியதில்லை. முட்டையும் மீனும் போன இடத்தில் வேறு புரதம் வராததுதான் சிக்கல். சோயா மின்ஸ், பால், தயிர், பன்னீர், பீன்ஸ், பருப்பு, நிலக்கடலை இவற்றை வேளைக்கு வேளை வைத்தால் மரக்கறியிலேயே கணக்கு நேராகும். ஒருவேளைச் சாப்பாடு மட்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் அந்த நேர்த்தியை உடம்பு தேறிய பிறகு செலுத்துவது நல்லது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

சர்க்கரை நோய் அதிகமுள்ள சமூகம் என்பதால் இதைத் தனியே சொல்ல வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண் 8.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அவசரமில்லாத ஆபரேஷனைப் பல மருத்துவர்கள் தள்ளிவைப்பார்கள். ஆபரேஷன் நேரத்தில் ரத்தச் சர்க்கரை 6-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பது நல்லது. இங்கே மீட்டர் காட்டும் மில்லிமோல் அளவில் சொல்கிறேன். சர்க்கரையைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடப்பது மிக மோசமான வழி. குறைய வேண்டியது இனிப்பு, கூல்டிரிங்க், வெள்ளை ரொட்டி, மீலிமீல் என்னும் சோளமாவுக் களியின் குவியல். புரதம் குறையக் கூடாது.

நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர்

1946-இல் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற அமெரிக்க மருத்துவர், பிரசவத்தில் மயக்க மருந்து கொடுத்தபோது வயிற்றில் இருந்தது மேலே வந்து நுரையீரலுக்குள் போன சம்பவங்களைத் தொகுத்து எழுதினார். அந்தப் பயத்திலிருந்து வந்ததுதான் "நில் பெர் மவுத்" (வாய் வழியே எதுவும் கூடாது) என்று கட்டிலில் மாட்டும் அட்டை. பயம் சரியானது. ஆனால் வயிறு எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் காலி செய்வதில்லை என்பது பிறகு தெளிவானது. இன்றைய விதி சுருக்கமாக:

1. திட உணவும் பாலும்: மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி என்றால் இன்னும் முன்னதாக.
2. தெளிந்த திரவம்: 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். தண்ணீர், சக்கை இல்லாத ஆப்பிள் ஜூஸ், பால் விடாத டீ ஆகியவை தெளிந்தவை. மாஸும் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் இதில் சேரா.

சில இடங்களில் முந்தின இரவும் அன்று காலையும் மாவுச்சத்துப் பானம் கொடுப்பார்கள். தாகமும் படபடப்பும் குறையும், இன்சுலின் மந்தமும் ஓரளவு குறையும். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் இதைக் குடிக்கக் கூடாது. எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ ஓசெம்பிக் போன்ற வார ஊசி போடுபவர்கள் அதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ஆறு மணி நேரம் கழித்தும் சாப்பாடு உள்ளேயே இருக்கலாம், அதனால் சிலரை முந்தின நாள் முழுவதும் திரவ உணவிலேயே இருக்கச் சொல்வார்கள்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. காலை முதல் ஆளாக ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியவர் அவசர கேஸ் வந்ததால் மாலைக்குத் தள்ளப்படுவார், அட்டை மட்டும் கட்டிலிலேயே தொங்கும். அப்படி நேர்ந்தால் வார்டு சிஸ்டரிடம், "இப்போது தண்ணீர் கொடுக்கலாமா, எத்தனை மணி வரை?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஆபரேஷன் ரத்தாகி, இரண்டு நாளும் பட்டினி கிடப்பது முதியவர் உடம்பு தாங்காத விஷயம்.

டிரிப் ஏறுகிறதே, சாப்பாடு எதற்கு?

ஆபரேஷனுக்குப் பின் பல குடும்பங்களுக்கு இருக்கும் நிம்மதி, "டிரிப் போட்டிருக்கிறார்கள், சத்து ஏறுகிறது" என்பது. கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 50 கிராம் சர்க்கரை, அதாவது 170 முதல் 200 கலோரி. புரதம் துளியும் இல்லை. சலைன் டிரிப்பில் அந்தக் கலோரியும் இல்லை, வெறும் உப்புத் தண்ணீர். மூன்று பாட்டில் ஏறினாலும் ஒரு நாள் தேவையில் பாதியைக்கூடத் தொடாது. ஒரு வாரம் டிரிப்பிலேயே இருந்தவர் ஒரு வாரம் பட்டினி கிடந்தவர்தான்.

"காற்றுப் பிரியட்டும், அப்புறம் சாப்பிடலாம்" என்ற பழைய விதியும் இப்போது தளர்ந்துவிட்டது. வயிற்று ஆபரேஷனுக்குப் பின் சிறுகுடல் முதல் நாளிலேயே அசையத் தொடங்கும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். காற்றுப் பிரிவது கடைசியாக விழிக்கும் பெருங்குடலின் வேலை. அதற்காக, முதலில் விழித்த சிறுகுடலைச் சும்மா வைத்திருக்கத் தேவையில்லை. அதனால்தான் பெரும்பாலான ஆபரேஷன்களில் சில மணி நேரத்திலேயே வாய் வழியே கொடுக்கத் தொடங்குகிறார்கள். டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் 1990-களில் தொடங்கிவைத்த விரைவுத் தேறல் முறையில் சீக்கிரம் சாப்பிடுவதும் சீக்கிரம் நடப்பதும் முக்கியமான பகுதிகள். உணவுக்குழாய், இரைப்பை போன்ற மேல்வயிற்று ஆபரேஷன்களில் மட்டும் டாக்டர் சொல்லும் நேரத்தை மீறக் கூடாது.

வாயால் போதவில்லை என்றால் வரிசை இதுதான்:

1. சாதாரண உணவோடு சத்துப் பானம்.
2. மூக்கு வழியாகவோ வயிற்றில் சிறு துளையிட்டோ குழாய் உணவு. தேவையில் பாதிகூட ஒரு வாரத்துக்கு மேல் இறங்காது என்று தெரிந்தால், காத்திராமல் ஆபரேஷன் முடிந்த ஒரு நாளுக்குள் தொடங்குவார்கள்.
3. குடல் வேலையே செய்யாதபோது ரத்தக்குழாய் வழி முழு ஊட்டம்.

மூன்றாவது வழியை 1960-களில் அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். குடலை இழந்தவர்களுக்கு அது உயிர் கொடுத்தது. ஆனால் எல்லோருக்கும் நல்லதல்ல. 1991-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், கடுமையாக மெலிந்தவர்களுக்கு மட்டுமே பலன் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தொற்றுதான் கூடியது. குடல் வேலை செய்தால் குடலையே பயன்படுத்து என்பது அதனால் வந்த விதி. மூக்கில் குழாயைப் பார்த்ததும் "இனி அவ்வளவுதான்" என்று அழத் தேவையில்லை. தேறுவதற்கான வழி அது.

திடீரென்று நிறையக் கொடுப்பதிலும் ஆபத்து

விழுங்க முடியாத தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் வாரக்கணக்கில் சாப்பிடாமல் வருபவர்கள் உண்டு. பாசத்தில் முதல் நாளே ஏராளமாக ஊட்டிவிட வீட்டார் துடிப்பார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தார்கள். நீண்ட பட்டினிக்குப் பின் மாவுச்சத்து வந்ததும் இன்சுலின் பாய்கிறது. ரத்தத்தில் இருக்கும் கொஞ்ச பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் செல்களுக்குள் ஓடிவிடுகின்றன, இதயத் துடிப்பு தடுமாறுகிறது. தயமின் வைட்டமினும் தீர்ந்துபோகிறது. இதைத் தவிர்க்க முதலில் தயமின் கொடுத்து, கிலோவுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, ரத்தம் பரிசோதித்தபடி பல நாளில் ஏற்றுவார்கள். டயட்டீஷியன் அளந்து கொஞ்சமாகக் கொடுப்பதைப் பார்த்து, ஒளித்து வைத்து ஊட்டாதீர்கள்.

பத்தியம்

வீட்டுக்கு வந்ததும் ஆயா ஒரு பட்டியல் சொல்வார். பருப்பு தின்றால் சீழ் வைக்கும், முட்டை சூடு, மீன் புண்ணை ஆறவிடாது, கத்தரிக்காய் அரிக்கும். மிச்சம் இருப்பது ரசமும் சோறும். அன்பினால் சொல்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு கப் சோற்றில் 4 கிராம் புரதம், ரசத்தில் ஏறக்குறைய எதுவுமில்லை. மூன்று வேளை சாப்பிட்டாலும் 15 கிராமைத் தாண்டாது. தேவை 90. மிச்சத்தைத் தசையிலிருந்துதான் உடம்பு எடுக்கும்.

சீழ் கிருமியால் வருகிறது. அதற்கு வழிவிடுபவை கட்டுப்படாத சர்க்கரை, புகை, அழுக்கான கட்டு, சத்தில்லாத உடம்பு. பருப்பும் முட்டையும் இந்தப் பட்டியலில் இல்லை, ஒவ்வாமை உள்ளவருக்கு மட்டும் அது வேறு விஷயம். பெரியவர் மனம் கோணாமல் செய்ய வழி உண்டு. ரசத்தைக் கெட்டிப் பருப்பில் வையுங்கள். கஞ்சியில் தண்ணீருக்குப் பதில் பாலும், மேலே ஒரு கரண்டி பால்பவுடரும் சேருங்கள். மிளகும் பூண்டும் போட்ட கோழி சூப்பில் தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுக்காமல் சதையையும் மசித்துப் போடுங்கள். பத்தியத்தின் பக்குவமும் இருக்கும், புண்ணுக்கு வேண்டியதும் போய்ச்சேரும்.

வீட்டில் முதல் ஆறு வாரம்

பசி எடுக்காது, வாய் கசக்கும், மருந்து குமட்டும். மூன்று பெரிய வேளையை ஆறு சிறு வேளையாகப் பிரியுங்கள். தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும், சோறு பிறகு. டீயைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள், வயிறும் நிறைந்துவிடும், இரும்புச்சத்தும் சேராது. வலி மாத்திரையால் மலம் இறுகும் என்பதால் கீரையும் பழமும் தண்ணீரும் கூடவே வேண்டும். தினமும் வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும். அசையாத தசைக்குப் புரதம் கொடுத்தால் பாதிதான் பலிக்கும்.

வாரம் ஒரு முறை ஒரே மெஷினில், ஒரே நேரத்தில் எடை பார்த்துக் கிளினிக் கார்டின் பின்பக்கம் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தாலோ, மூன்று நாள் தொடர்ந்து தட்டில் பாதிக்கு மேல் மிஞ்சினாலோ, தையல் வாய் பிரிந்து நீர் கசிந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். கார்டை எடுத்துக்கொண்டு போய், சர்ஜனோடு டயட்டீஷியனையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கேட்டால்தான் அனுப்புகிறார்கள்.